பூட்டிய ஷெட்டில் வெள்ளையடித்தவன்

எதையும் எடுத்துக்கொண்டு போகாத திருடனைப் பிடித்துத் தரும்படி இதுவரை யாரும் மூக்கரிடம் கேட்டதில்லை. இந்த அம்மா கேட்டார். அதுவும், பிடித்தால் அவனை அதட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு.

மூக்கருக்குச் சொந்தமாக ஒரு பெயர் உண்டு. அது துப்பறியும் ஆபீஸின் வாடகைப் பத்திரத்தில் மட்டும் இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவர் மூக்கர்தான். மூக்கு கொஞ்சம் நீளம். அதை அடுத்தவர் விவகாரத்தில் நுழைப்பதே தொழில். மனைவி பிரிந்துபோன பிறகு வீட்டில் பேச்சுத்துணைக்கு டிவி மட்டும்தான் என்பதால், காலையில் முதல் ஆளாக ஆபீஸுக்கு வந்து கடைசி ஆளாகப் போவார். ஆட்கள் என்றால் மொத்தம் இரண்டே பேர்தான்: அவரும், உதவியாளர் பட்டாசும். அந்தப் பெயரை வைத்தது மூக்கர். பற்றவைக்கவே வேண்டாம், தானாக வெடிப்பாள்.

"பூட்டு உடையல. சாமான் எதுவும் காணாமப் போகல," என்றார் அந்த அம்மா. மருந்துக்கடை கவுன்ட்டரில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க நின்றே பழகியதாலோ என்னவோ, நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "நான் வேலைக்குப் போன நேரத்துல வர்றான். கார் ஷெட்டுல சுவத்துக்கு வேலை பாக்குறான். பூட்டிட்டுப் போயிடுறான்."

"எங்க வீட்டு அட்ரஸையும் அவர்கிட்ட குடுங்கம்மா," என்றாள் பட்டாசு. "பாத்ரூம் சுவர் பாக்கவே சகிக்கல."

அம்மா சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அந்தக் கார் ஷெட்டை அவருடைய கணவர் தன் கையாலேயே கட்டினார். மெக்கானிக். சிமென்ட் பிளாக்கை அடுக்கிக் கூரை போட்டதோடு சரி. பூச்சு வேலை பார்க்கவில்லை. சுவரை முடிக்கிற பொறுப்பை மகனிடம் விட்டார். மகனுக்கு அவசரம். பிளாக்கில் பூத்திருந்த உப்பைத் தேய்க்கவில்லை, பிரைமர் அடிக்கவில்லை, நேராக வெள்ளைப் பெயின்டை அடித்தான். அடுத்த மழைக்கு அத்தனையும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பார்க்க வந்த நண்பர்கள் முன்னால் அப்பா ஒரு வார்த்தை விட்டார்: ஒரு சுவத்தக்கூட உருப்படியா பூசத் தெரியல. மகன் முறுக்கிக்கொண்டு கிளம்பினான். ஷெட் சாவி அவன் சட்டைப் பையிலேயே போய்விட்டது. ஏழு வருஷம் ஆகிறது.

"அவர் அதையெல்லாம் சுரண்டி எடுத்துட்டு அப்படியே மொட்டைச் சுவரா போட்டுட்டார். வந்து அவனே பூசட்டும்னார். போன வருஷம் அவரும் போயிட்டார். பையனுக்குச் சொல்லியனுப்ப ஒரு அட்ரஸ்கூட எங்ககிட்ட இல்ல."

"வர்றது உங்க பையன்தான்னு நினைக்கிறீங்க," என்றார் மூக்கர்.

"இந்த மாசக் கடைசியில என் தம்பி என்னை அவன் வீட்டோட கூட்டிட்டுப் போறான். தனியா இருக்க வேணாங்கறான். நானும் சரின்னுட்டேன்." கைப்பையின் வாரை ஒரு முறை விரலில் சுற்றினார். "வர்றது என் பையன்னா நான் போகமாட்டேன் சார். வேற யாராவதுன்னா பூட்டிட்டுப் போயிடுவேன். எது உண்மைன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

"நீங்களே ஒரு நாள் லீவு போட்டு மறைஞ்சு நின்னு பாத்திருக்கலாமே?" என்றாள் பட்டாசு.

"அவனைத் தெரியாதும்மா உனக்கு. நான் காத்துட்டு இருக்கேன்னு தெரிஞ்சா திரும்ப வரவே மாட்டான்."

மதியமே போனார்கள். வீட்டில் ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு கோப்பை கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. மூக்கரின் சமையலறையும் அப்படித்தான். அவர் அதைப் பார்க்காதது மாதிரி நேராகப் பின்முற்றத்துக்கு நடந்தார்.

ஷெட்டுக்கு இரண்டு வழி. வீட்டு முற்றத்திலிருந்து ஒரு சின்னக் கதவு, அதற்கு முற்றத்துப் பக்கம் தாழ்ப்பாள். பின்சந்தைப் பார்த்து இரும்பு ஷட்டர், அதற்குத்தான் பூட்டு. உள்ளே கார் இல்லை. தரையில் அது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. ஸ்டூலின்மேல் மூடி போட்ட தண்ணீர்க் குடுவையும் ஒரு டம்ளரும்.

"தினம் காலையில நெறச்சு வெச்சுட்டுப் போவேன்," என்றார் அம்மா, குரலைத் தாழ்த்தி. "சாயந்தரம் வந்து பாத்தா காலியா இருக்கும்."

அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது. மூக்கருக்கு அது பிடிக்கவில்லை. சாட்சிகள் சந்தோஷமாக இருந்தால் அவருக்கு எப்போதுமே பயம்.

சுவர்கள் பளிச்சென்று இருந்தன. பிளாக்குக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருந்த பள்ளங்களையெல்லாம் சிமென்ட் வைத்து அடைத்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு இழைத்து, அதன்மேல் வெள்ளை. மேலே புதிதாக இரண்டு டியூப்லைட். ஸ்விட்சைப் போட்டதும் குகை மாதிரி இருந்திருக்க வேண்டிய இடம் துணிக்கடை மாதிரி ஆகிவிட்டது.

"மொதல்ல இப்படி இல்ல," அம்மா ஷட்டருக்கு எதிர்ச் சுவரைத் தடவினார். "மொத தடவை நான் பாத்தப்போ இதுல பாதிக்கு மட்டும் வெள்ளை. அன்னைக்குப் பண்ணின அதே தப்பு. உப்புமேலேயே அடிச்சு, அடிச்ச எடமெல்லாம் கொப்புளம். அப்பவே இது என் பையன் கைன்னு தெரிஞ்சுபோச்சு. அடுத்த தடவை பாத்தா எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு முறையா ஆரம்பிச்சிருக்கான். இப்பப் பாருங்க, கைக்கு வழவழன்னு இருக்கு. கத்துக்கிட்டான் சார்."

"அந்தத் தப்பை ஊர்ல பாதிப் பேர் பண்றாங்கம்மா," என்றார் மூக்கர் மெதுவாக. அம்மாவின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

மூலையில் ஒரு டின், ஒரு ரோலர், ஒரு பிரஷ். பிரஷ் ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்தது.

"வேலை முடிஞ்சிருந்தா கழுவிக் காயப் போட்டிருப்பான்," என்றார் மூக்கர். "ஈரமா சுத்தி வெச்சிருக்கான்னா, காயறதுக்குள்ள வந்துடுவான். இன்னைக்கே. நீங்க வீட்டுக்குள்ள இருங்கம்மா, நாங்க கூப்பிடறோம்."

அம்மா போனார். போகும்போது தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்.

மூக்கர் ஷெட்டின் நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்று சுற்றினார். ஷட்டரைப் பார்த்துத் திரும்பியதும் அப்படியே நின்றார். ஷட்டருக்கு இரு பக்கமும் இருந்த சுவர் அப்படியே மொட்டையாக இருந்தது. சாம்பல் நிறப் பிளாக்குகள், அவற்றின்மேல் வெள்ளை வெள்ளையாக உப்பு. ஒரு கோடுகூட இழுக்கப்படவில்லை.

"பெயின்ட் தீர்ந்துபோச்சா?" என்றாள் பட்டாசு.

மூக்கர் டின்னைக் காலால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. "தீரல. பாதிக்குமேல இருக்கு. பட்டாசு, சந்துலேர்ந்து ஷட்டரைத் தூக்கி உள்ள வர்றவனுக்கு எத்தனை சுவர் தெரியும்?"

"மூணு."

"இந்த நாலாவது சுவர் யாருக்குத் தெரியும்?"

பட்டாசு திரும்பிப் பார்த்தாள். "உள்ள நின்னு வேலை பாக்கிறவங்களுக்கு." சற்று யோசித்தாள். "பாஸ், உங்க மூக்கு செவக்குது. கெட்ட சேதியா?"

"இது புழங்கறதுக்காகப் பூசின சுவர் இல்ல. யாருக்கோ காட்டறதுக்காகப் பூசினது. அப்பா ஆசைப்பட்டாரேன்னு பூசற மகன் நாலு சுவரும் பூசுவான். ஏன், இந்த ஒண்ணுலதான் ஆரம்பிப்பான். அவங்கப்பா வேலைக்கு நின்னா கண்ணெதிர்ல இருந்தது இதுதான்."

"காட்டறதுக்குன்னா... வீடு வாங்க வர்றவங்களுக்கா?"

மூக்கர் முற்றத்துக் கதவு வரை போய், வீட்டுக்குள் எட்டிக் கேட்டார். "அம்மா, கார் என்ன ஆச்சு?"

"என் தம்பிதான் வித்துக் குடுத்தான் சார். எனக்கு ஓட்டத் தெரியாதே."

"ஷெட்டைத் திறக்க உங்க சாவியைத்தான் வாங்கிட்டுப் போனாரா?"

"இல்ல, என் வீட்டுக்காரரோடதை எடுத்துட்டுப் போனான். அது எங்கயோ தொலைஞ்சுபோச்சுன்னான்."

மூக்கர் திரும்பி வந்து தண்ணீர்க் குடுவையைப் பார்த்தார். தான் கண்டுபிடித்தது தப்பாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது இந்தத் தொழிலில் அதுதான் முதல் தடவை.

அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பட்டாசு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, சுவரில் சாயப் போய், "ஈரமா இருந்தா என் முதுகு உங்க செலவு," என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது வெளியே பூட்டில் சாவி நுழையும் சத்தம் கேட்டது. ஷட்டர் உயர்ந்தது. முதலில் கால், பிறகு சாப்பாட்டுப் பை, பிறகு வெள்ளைப் புள்ளிகள் தெறித்த தொப்பி. நடுத்தர வயதுப் பெயின்டர். இந்த அம்மாவுக்கு மகனாக இருக்கும் வயதைத் தாண்டியவர்.

"வாங்க," என்றாள் பட்டாசு. "உங்களுக்காகத்தான் டியூப்லைட் போட்டு வெச்சிருக்கோம்."

பெயின்டர் திருதிருவென்று விழித்தார். "ஐயோ, வீடு மாறிட்டேன் போலிருக்கு. பக்கத்து ஷெட்டுன்னு சொன்னாங்க..."

"வீடு மாறும்," என்றார் மூக்கர். "சாவி எப்படிங்க மாறாம வந்துச்சு?"

பெயின்டர் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். அதை ஒளித்து இனிப் பிரயோஜனமில்லை.

"ஷட்டர் பக்கச் சுவரை விட்டுடு, வீடு பாக்க வர்றவங்க அந்தப் பக்கம் திரும்பமாட்டாங்கன்னு சொன்னாரா, இந்தம்மாவோட தம்பி?"

"உங்ககிட்டயும் சொல்லிட்டாரா?" என்றார் பெயின்டர், நிம்மதியாக. குட்டு வெளிப்பட்டதுகூடத் தெரியவில்லை அவருக்கு. "அக்கா காதுக்குப் போகக் கூடாதுன்னு என்கிட்ட மட்டும் சத்தியம் வாங்கினார். அவங்க அவர் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் பழகட்டும், அப்புறம் மெதுவா பேசி சம்மதிக்க வெச்சுக்கலாம், அதுக்குள்ள ஷெட்டை வெளிச்சமா ரெடி பண்ணிடுன்னார். கார் ஷெட்டு இருட்டா இருந்தா வர்றவங்களுக்கு மனசு ஒட்டாதாம். கார் போனதுலேர்ந்து அக்கா இந்தப் பக்கமே வர்றதில்லன்னார்."

முற்றத்துக் கதவருகில் அம்மா நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. பெயின்டர் தொப்பியைக் கழற்றினார்.

"தண்ணி?" என்றார் அம்மா.

"என்னம்மா?"

"தினம் வெச்சிருந்தேனே. குடிச்சது நீங்களா?"

பெயின்டர் குடுவையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "பிரஷ் கழுவ உங்க தம்பி வெச்சிருக்கார்னு நெனச்சேம்மா."

பட்டாசு வாளியிலிருந்து எழுந்து நின்றாள். மூக்கர் தரையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வருஷக்கணக்கில் யாருமே கதவைத் தட்டாத வீட்டில் யாரோ வந்துபோகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு படுப்பது எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். அதைத் தானே வந்து கலைத்துவிட்டோமே என்று இருந்தது.

"அப்ப சரி," என்றார் அம்மா. "மாசக் கடைசியில பூட்டிட்டுக் கிளம்பிடறேன். உங்களுக்கு எவ்வளவு தரணும்னு சொல்லுங்க சார்." குடுவையையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டார்.

அங்கே நிலவிய அமைதி பெயின்டருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெயின்டர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பழக்கம் உண்டு: தனக்கு முன்னால் பூசியவனைத் திட்டாமல் எந்தச் சுவரிலும் கை வைக்கமாட்டார்கள். சங்கடமான நேரத்தில் இவருக்கும் அதுதான் கைகொடுத்தது.

"உங்க தம்பியைத் தப்பா நினைக்காதீங்கம்மா. வேலையாவது சுத்தமா நடந்துச்சேன்னு சந்தோஷப்படுங்க. எனக்கு முன்னாடி ஒருத்தன் பூசினானே, அந்த லட்சணத்தைச் சுரண்டி எடுக்கறதுக்குள்ள எனக்குத் தோள்பட்டையே கழண்டுபோச்சு."

மூக்கர் நிமிர்ந்தார். பாதிச் சுவரில் கொப்புளித்த அந்த முதல் பூச்சைப் பெயின்டரின் கையாளோ யாரோ செய்த அரைகுறை வேலை என்று நினைத்து ஒதுக்கிவிட்டிருந்தார். நீளமான மூக்குக்கு நேர்கீழே இருந்தது தெரியாமல் போனது.

"அது உங்க ஆள் பூசினது இல்லையா?"

"நம்ம ஆளா? நம்ம ஆள் அப்படிப் பூசினா நான் தொழிலை விட்டுடுவேன் சார். நான் மொத நாள் வந்தப்போ ஷட்டர் பாதி தூக்கியிருந்துச்சு. குனிஞ்சு பாத்தா ஒருத்தன் நின்னு பூசிட்டிருக்கான். இந்தப் பக்கம் பூசிட்டே வர்றான், அந்தப் பக்கம் உரிஞ்சுட்டே வருது. அவன் பாட்டுக்கு விடாம அடிக்கிறான். சரி, நம்ம வேலைக்கு எவனோ போட்டிக்கு வந்துட்டான்னு எனக்குக் கோவம். வெச்சுட்டுக் கிளம்புப்பான்னேன்."

டம்ளர் குடுவையில் இடித்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. அம்மா இரண்டையும் தரையில் வைத்தார்.

"வேற என்ன சொன்னீங்க?" என்றார் மூக்கர்.

"வேற என்ன..." பெயின்டர் கழுத்தைச் சொறிந்தார். "ஒரு சுவத்தக்கூட உருப்படியா பூசத் தெரியல, உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலைன்னேன். தொழில்ல இதெல்லாம் சாதாரணமா சொல்றதுதான் சார்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுக்கு அவன்?"

"சண்டைக்கெல்லாம் வரல. அந்தம்மா வேற ஆள் வெச்சுட்டாங்களான்னு மட்டும் கேட்டான். ஆமான்னேன். பிரஷைக் கீழ வெச்சான். பேன்ட்லயே கையத் தொடச்சுக்கிட்டான். கொஞ்ச நேரம் அந்தச் சுவத்தையே பாத்துட்டு நின்னான். அப்புறம் ஷட்டருக்கடியில குனிஞ்சு போயிட்டான். அதுக்கப்புறம் அவன் இந்தப் பக்கமே வரல." சொல்லிக்கொண்டே வந்தவர் அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏம்மா, அவன் யாரு?"

பட்டாசுதான் சொன்னாள், சத்தமே இல்லாமல். "பையன்."

பெயின்டர் தொப்பியைக் கசக்கிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றார். தான் பூசிய சுவரைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை போலிருந்தது.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்றைக்கு முதல் முறையாக. "ஆள் எப்படியிருந்தான்? மெலிஞ்சு போயிருந்தானா?"

"இல்லம்மா." பெயின்டர் யோசித்து, நேர்மையாகச் சொன்னார். "கொஞ்சம் தொப்பைகூட இருந்துச்சு."

அம்மா சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் அழுகையாகி, திரும்பவும் சிரிப்பாக வந்தது. "சாப்பாட்டுக்குக் குறையில்லாமத்தான் இருக்கான்," என்று பட்டாசிடம் சொன்னார், அவள்தான் ஊட்டி வளர்த்த மாதிரி. பட்டாசு பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்தாள். அவளுடைய கண்ணும் கலங்கியிருந்தது. கேட்டிருந்தால் பெயின்ட் வாடை என்றிருப்பாள்.

"என்ன உடுப்பு?" என்றார் மூக்கர். "ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"நீலச் சட்டை சார். கம்பெனிச் சட்டை மாதிரி. முதுகுல ஒரு டயர் படம்."

"டயர் கடையா?" பட்டாசு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தாள். "எத்தனை கடை இருக்கும் பாஸ்?"

"உன் செருப்பு தேயற அளவுக்கு இருக்கும்."

"என் செருப்பா? தேயறதெல்லாம் என்னுது, மூக்கு மட்டும் உங்களுதா?"

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். மறுமுனையில் தம்பி எடுத்ததும் நலம் விசாரித்தார், தம்பி மனைவியின் முதுகுவலியை விசாரித்தார். பிறகு, "ஷெட்டு ரொம்ப நல்லா வந்திருக்குடா," என்றார். "நான் உன் வீட்டுக்கு வரல. யாரையும் வீடு பாக்கக் கூட்டிட்டு வராத. எம்மேல உனக்குப் பாசம்தான், எனக்குத் தெரியும். ஆனா வரல." போனை வைத்துவிட்டுப் பெயின்டரிடம் கையை நீட்டினார். அவர் சாவியை அந்தக் கையில் வைத்தார்.

மூக்கர் ஷட்டரைத் தூக்கினார். வெயில் உள்ளே வந்ததும் மூன்று சுவரும் கண்ணைக் கூசவைத்தன. ஒரு வேலை முடிந்து கிளம்பும்போது அவருக்கு வழக்கமாக வரும் அலுப்பு இன்றைக்கு வரவில்லை. டயர் கடைகள் எத்தனை இருந்தாலும் சரி என்று தோன்றியது. இரண்டடி போனவர் நின்று திரும்பினார்.

"ஆளைப் பாத்தா என்னம்மா சொல்லணும்? அம்மா வரச் சொன்னாங்கன்னு சொல்லவா?"

அம்மா சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"வாடான்னா வரமாட்டான் சார், அவங்கப்பா மாதிரி," என்றார். "நான் வேற ஆள் வைக்கலன்னு மட்டும் சொல்லுங்க."